ஜெகபர் அலி சொன்ன பதில்

“எந்த வேலைன்னாலும் கத்துக்குவேன். மெஷின்னா பயமில்ல. வெளியூர் போகச் சம்மதம். நோய் நொடி ஒண்ணுமில்ல. சம்பளம் நீங்களாப் பாத்துக் குடுக்கறதுதான்.”

பேகம்பூரில் நுஸைபா எந்த வீட்டில் போய் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான் வந்து விழுந்தது. ஆள் மாறினான், வீடு மாறியது, குரல் மாறியது. பேச்சு மட்டும் அச்சில் வார்த்த மாதிரி அப்படியே இருந்தது. மூச்சு வாங்க வாங்கக் கட்டிலில் சாய்ந்திருந்தவர்கூட நோய் நொடி ஒன்றுமில்லை என்றார். ஊரை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கி அறியாதவர் வெளியூர் போகச் சம்மதம் என்றார். நுஸைபா கையிலிருந்த டேப் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அப்படியே தட்டிப் பதிந்துகொண்டாள். சொல்வதைச் சொல்கிறபடி எழுத வேண்டும், சொந்தச் சரக்கு ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

சென்னையில் ஒரு மேனேஜ்மெண்ட் கல்லூரி நடத்துகிற ஆய்வு அது. ஒரு தொழில் படுத்துப்போனால் அதில் இருந்தவர்கள் எங்கே போகிறார்கள், தெரிந்த வேலையில் எதைக் கையோடு கொண்டுபோகிறார்கள், புதிதாக ஆளெடுக்கிறவர்கள் எதைப் பார்த்து எடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கழிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து எழுதப்போகிறார்களாம். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தோல்ஷாப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டதால் பேகம்பூர் அவர்கள் கண்ணில் பட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்டுவர ஆள் வேண்டியிருந்தது. நுஸைபா பி.காம். முடித்தவள். பூட்டிப்போன தோல் மண்டி ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். அந்தச் சந்துகளிலேயே பிறந்தவள். எடுத்துக்கொண்டார்கள்.

தற்காலிக வேலைதான். ஆனால் மேற்பார்வை பார்க்கிற மணிமாறன் ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். பேகம்பூர் வேலை சுத்தமாக முடிந்தால் அடுத்தடுத்த மாவட்டங்களுக்கும் இவளையே வைத்துக்கொள்வார்கள், கல்லூரிச் சம்பளப் பட்டியலில் நிரந்தரமாகப் பெயர் ஏறிவிடும் என்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நுஸைபா தொங்கிக்கொண்டிருந்தாள்.

வேறு பிடி அவளுக்கு இல்லை. கணவன் இஷாக் தோல்ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மில் ஆள். ஈரத்தோலைத் தோளில் ஏற்றும்போது நடுமுதுகில் வட்டு விலகிப் படுத்தவன், எழுந்து உட்காருவதற்குள் ஷாப்பைப் பூட்டிவிட்டார்கள். இப்போது ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்து கவர் விற்கிறான். அதுவும் கடைக்காரரின் இரக்கம். நுஸைபாவுக்கு மிஞ்சியிருந்தது பஞ்சு மில். கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் நின்றவள்தான் அவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, இரைப்பு வந்து, ஒரு நாள் மெஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்தாள். இனி மில் வாசலை மிதித்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்தார். மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அழுத்துகிற பம்பு ஒன்று எப்போதும் அவள் பைக்குள் கிடக்கும். டேப் கையை விட்டுப் போனால் மில் பஸ் ஏற வேண்டும். மில் பஸ் ஏறினால் மூச்சு போகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஊர் முழுக்க ஏன் ஒரே வாயாகப் பேசுகிறது என்பது அவளுக்குத் தெரியாமலும் இல்லை. தோல்ஷாப் வாசலில் விடியக்காலம் ஆளெடுப்பு நடந்த விதம் அப்படி. கேட்டுக்கு உள்ளே மேஸ்திரி நிற்பார். வெளியே வரிசை. முதல் ஆளிடம் சில கேள்வி கேட்பார். அவன் எடுபட்டு உள்ளே போகுமுன், தான் என்ன சொல்லி எடுபட்டான் என்பதை அடுத்தவன் காதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்தவன் அதையே சொல்லி உள்ளே போவான், தனக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கடத்திவிட்டு. பதிலைக் கடத்தாமல் போனவனுக்கு அன்றைக்குச் சோற்றுப் பொழுதில் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக்கூட யோசிப்பார்கள். நுஸைபாவைப் பெற்ற அத்தாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். காய்ச்சலில் உடம்பு கொதிக்க, நோய் நொடி இல்லை என்று சொல்லிச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்.

இந்தத் தடவை வரிசையில் முதல் ஆளாகப் போனவர் ஜெகபர் அலி. அத்தாவோடு ஒரே தொட்டியில் நின்றவர், நுஸைபாவுக்கு மாமு முறை. ராசியான வீடு என்று அவர் வீட்டில்தான் கேள்வியைத் தொடங்கினாள். கேட்டில் சொல்லிப் பழகிய பதிலை அவர் அப்படியே சொன்னார். பேச்சைப் பதிவு பண்ணலாமா என்றதற்கு வேண்டாம் என்றார். மறுநாள் சென்னையிலிருந்து அவருக்கு ஒரு போன் வந்தது. நுஸைபா நிஜமாகவே வீட்டுக்கு வந்தாளா என்று சரிபார்க்கிற போன். பெயரும் வயதும் கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் பேகம்பூர் முழுக்கச் செய்தி போய்விட்டது: ஜெகபர் அலியைக் காலேஜிலிருந்து கூப்பிட்டாச்சு, ஆள் எடுபட்டாச்சு. பள்ளிவாசல் கேட்டில் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன சொன்னே, என்ன சொன்னே என்று கேட்டார்கள். கடத்தாமல் வீட்டுக்குப் போக அவர் என்ன ஈனப்பிறவியா? பதிவு வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்தே கடத்தினார்.

வேலை கொடுக்க வரவில்லை, இது ஆராய்ச்சி என்று நுஸைபா ஒவ்வொரு வீட்டிலும் சொல்லத்தான் செய்தாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பதிலை ஒப்பித்தார்கள். இன்றைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் மேஸ்திரியும் ஆளெடுப்பார். அப்போதே சென்னைக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேகம்பூரைக் கழித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்களோ என்று பயந்தாள். வாயை மூடிக்கொண்டு பதிந்தாள்.

மணிமாறன் பழனிப் பக்கம் கீரனூர்க்காரன். எம்.பி.ஏ. படித்துவிட்டு அதே கல்லூரியில் ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜூஸ் கடைக்கு அவளை வரச் சொன்னான். ஜூஸ் வந்தது, அவன் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். பேகம்பூர் என்று போட்டிருந்த பக்கம் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது.

“ஏனுங்க்கா, இத்தன வீட்ல ஒருத்தருகூடவா வேற மாதிரி பேசல?”

அவள் தோல்ஷாப் கேட் வரிசையைச் சொன்னாள். காதுக்குக் காது கடத்துவதைச் சொன்னாள். ஜெகபர் அலிக்கு வந்த போனைச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தபடி தானே பதிலை நிரப்புகிறவர்களைக் கம்ப்யூட்டர் இப்படித்தான் பிடிக்குமாம். எல்லாம் ஒரே பதில், ஒரு குரல் பதிவுகூடக் கிடையாது. ஆய்வை நடத்துகிற புரொபசர், இவள் வீடுகளுக்கே போகவில்லை என்று அநேகமாக முடிவே கட்டிவிட்டாராம்.

“நான் நம்புறனுங்க. நான் நம்பி என்ன ஆகப்போகுது? எம்பட பேரும் இதுக்குள்ளதானுங்க கெடக்குது.”

ஒரே ஒரு வழி இருந்தது. சென்னையிலிருந்து சிலருக்குத் திரும்பவும் போன் போடுவார்கள். அப்போது அவரவர் நிலைமையை அவரவர் சொந்த வாயால் சொல்லிவிட்டால், இவள் வீடுகளுக்குப் போனது உண்மை, ஒப்பித்தது ஊர்தான் என்று புரொபசருக்கு விளங்கும். திரும்பக் கேட்டுவர இவளையே அனுப்பச் சொல்லித் தானும் பேசுவதாக மணிமாறன் சொன்னான். முதல் போன் ஜெகபர் அலிக்கு, மறுநாள் காலையில். யாருக்கு, எப்போது என்பதை அவன் சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிவிட்டு எழுந்தவன் நின்று இன்னொன்றும் சொன்னான்.

“அவிங்க பேசறப்ப நீங்க கிட்டக்க நிக்கப்படாதுங்க. நின்னீங்கன்னா அவ்வளவுதான். பொறவு என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

மறுநாள் காலையில் நுஸைபா போனபோது ஜெகபர் அலி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி நர்கீஸ் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நுஸைபா சுற்றி வளைக்கவில்லை. வேலை என்று எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை, போன் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றாள்.

“வேல இல்லாமயா புள்ள மெட்ராஸ்ல இருந்து போன் போட்டு எம் பேரக் கேட்டாக?”

“அது நான் வந்தேனான்னு பாக்குறதுக்கு மாமு.”

“உன்னப் பாக்குறதுக்கு என்னத்துக்கு என் வயசு?”

நர்கீஸ் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“உள்ளதச் சொன்னா இவுகளக் கழிச்சுருவாக. அந்த எடத்துல இஷாக்கு ஏறி உக்காந்துக்கிடலாம். அம்புட்டுதானே?”

“மாமி, அவரால ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாது.”

“எம் புருசன் மட்டும் தூக்குறாகளாக்கும்?”

அதற்குமேல் சண்டை போட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. நுஸைபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையைத் திறந்து பம்பை எடுத்து ஜெகபர் அலியின் காலடியில் வைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த மரப்பட்டை மாதிரி இருந்தது அந்தக் கை.

“இந்த வேல போச்சுன்னா நான் மில்லுக்குத்தான் மாமு போவணும். போனா முழுசாத் திரும்ப மாட்டேன். உள்ளதச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்.”

ஜெகபர் அலி பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லிலிருந்து அவளைத் தூக்கிவந்த அன்றைக்கு ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். நர்கீஸ் உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“சரி புள்ள. உள்ளதையே சொல்லிப்புடுறேன். நீ கெளம்பு.”

அவள் எழுந்து செருப்பைக்கூட மாட்டவில்லை, போன் அடித்துவிட்டது. ஜெகபர் அலி விரலால் திரையை இழுத்தார். இழுபடவில்லை. சுண்ணாம்பும் தோல்ஷாப் மருந்தும் அரித்து மரத்துப்போன விரல் எந்தப் போன் கண்ணாடியிலும் பிடிக்காது. திரும்பத் திரும்ப இழுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுபோனால் எடுக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். நுஸைபா ஓடிவந்து இழுத்துவிட்டு, ஸ்பீக்கரையும் போட்டுக் கையில் கொடுத்தாள். காலடி கேட்குமோ என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பேசியவள் ஒரு பெண். செய்தி வாசிக்கிற மாதிரித் தெளிவான தமிழ். வயதிலிருந்து தொடங்கினாள்.

“அம்பத்தாறும்மா. முன்னாடி நாப்பத்தஞ்சுன்னு சொன்னேன், அது கேட்டுல சொல்ற வயசு. பொழுது சாஞ்சா ரெண்டு கையும் மடங்காது. வீட்டுல பெசஞ்சு விட்டாத்தான் காலையில சோத்துல கை வைக்கலாம்.”

“புதிதாக ஒரு தொழில் கற்றுக்கொள்ள விருப்பம் இருக்கிறதா?”

“விருப்பமெல்லாம் என்னத்தம்மா. தோல் வேலயவே நான் விரும்பிப் பாக்கல. நாத்தம் புடிச்ச வேல. பஸ்ஸுல பக்கத்துல உக்கார மாட்டாக. வேற ஒண்ணும் தெரியாது, பாத்தேன். இப்பவும் வேற ஒண்ணும் தெரியாது. கத்துக்கிற வயசுல எவனும் கத்துக் குடுக்கல. இப்ப வந்து கத்துக்கிறியாங்கிறீக.”

நுஸைபா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளில் அந்தச் சந்துகளில் ஒருத்தரும் பேசாத பேச்சு இது. வெளியூர் ஏன் போக முடியாது என்று சொன்னார். மெஷினைக் கண்டால் கை ஏன் நடுங்குகிறது என்று சொன்னார். அந்தப் பெண் எல்லாவற்றையும் தட்டி ஏற்றிக்கொண்டே போனாள். தட்டச்சு ஓசை மழை மாதிரி விழுந்தது. பிழைத்தேன் என்று நுஸைபா நினைத்தாள்.

அடுப்படியில் நர்கீஸ் காய்ந்த எண்ணெயில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டாள்.

நெடி கூடத்துக்கு வந்தது. நுஸைபா முக்காட்டால் வாயைப் பொத்தினாள். மூச்சைப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டி, கழுத்து நரம்பு புடைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கினாள். அடக்கி வைத்த இருமல் அத்தனையும் சேர்ந்து வெடித்தது. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் நெஞ்சு விசில் அடித்தது. தரையில் கிடந்த பம்பைத் தடவி எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். அது சீறிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

“உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?”

உள்ளதைச் சொல்வதாக ஜெகபர் அலி வாக்குக் கொடுத்திருந்தார்.

“நம்ம நுஸைபா புள்ளதாம்மா. கேள்வி கேக்க வருமே, அதான்.”

“இப்படியெல்லாம் சொல்லச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டாரா?”

“ஆமாம்மா. உள்ளதச் சொல்லுங்க மாமுன்னு கையப் புடிச்சுக் கெஞ்சுச்சு. இல்லாட்டி நான் எதுக்கு இதெல்லாம் சொல்லப்போறேன்?”

தட்டச்சு ஓசை நின்றது. பிறகு ஒரே ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. ஜெகபர் அலி நிமிர்ந்து நுஸைபாவின் முகத்தைப் பார்த்தார். எதிலோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கண்ட உலகத்தில் ஆளெடுக்கிறவர்களிடம் செய்யக்கூடிய தப்பு ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் இவ்வளவு நேரம் செய்திருந்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“அம்மா, அதெல்லாம் எழுதாதீக. முன்னாடி சொன்னதையே வச்சுக்கங்க. எந்த வேலைன்னாலும் கத்துக்குவேன். மெஷின்னா பயமில்ல. வெளியூர் போகச் சம்மதம். நோய் நொடி ஒண்ணுமில்ல. சம்பளம் நீங்களாப் பாத்துக் குடுக்கறதுதான்.”

அவர் முடிக்கும்வரை அந்தப் பெண் மரியாதையாகக் காத்திருந்தாள். நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

“எடுபட்டேனா புள்ள?” என்றார் ஜெகபர் அலி.

நுஸைபா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே மணிமாறன் டேப்பை வாங்கிக்கொள்ள வந்தான். பேகம்பூரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு ஏதோ ஊரைப் போடப்போகிறார்கள், அவனையும் இந்த வேலையிலிருந்து மாற்றியாகிவிட்டது. கிட்டே நிற்காதீர்கள் என்று சொன்னேனே என்றான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தாலாவது நுஸைபா அழுதிருப்பாள். டேப்பைத் துடைத்து, சார்ஜரையும் சுற்றிக் கொடுத்தாள். இஷாக் எல்லாவற்றையும் சுவரில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். வேண்டுமானால் நான், என்று ஆரம்பித்தான். அதை முடிக்க ஒரு வேலையின் பெயரும் அவன் வாயில் வரவில்லை.

வேடசந்தூர் ரோட்டில் ஒரு மில்லில் பெண்களை எடுக்கிறார்கள் என்று மில் பஸ் டிரைவர் சொன்னார். நுஸைபா போய் நின்றபோது மில் கேட்டில் இருந்து ரோட்டோரத்து வேப்பமரம் வரை வரிசை நீண்டிருந்தது. கேட்டுக்கு உள்ளே மேஜை போட்டு ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் ஒரு டேப். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் மண் வழியாக ஏறிக் காலில் அதிர்ந்தது. நுஸைபா பம்பைப் புர்காவுக்குள் இடுப்பில் செருகியிருந்தாள். பையைச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

அவளுக்கு முன்னால் நின்றவள் மாயம்மாள் என்று பெயர் கொடுத்தாள். காடு கரையில் காய்ந்த உடம்பு. முன்பின் பழக்கமில்லாதவள். மேஜையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பியவள், ஒரு நொடி நின்று நுஸைபாவின் காதோரம் குனிந்தாள்.

“மூச்சுத் தொந்தரவு இருக்கான்னு கேக்குது. இல்லன்னு சொல்லு, ஆத்தா. முன்ன மில்லுல வேல பாத்திருந்தா அதச் சொல்லாத. எந்த ஷிப்டுன்னாலும் சரின்னு சொல்லு.”

நுஸைபா மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை. கேள்விகளை வாசித்தாள். இவள் வீடு வீடாக வாசித்த அதே குரலில்தான் வாசித்தாள். வேறு தொழில் தெரியுமா? புதிதாகக் கற்றுக்கொள்வீர்களா? மூச்சுத் தொந்தரவு உண்டா?

“எந்த வேலைன்னாலும் கத்துக்குவேன்” என்றாள் நுஸைபா. “மெஷின்னா பயமில்ல. எந்த ஷிப்டுன்னாலும் சரி. நோய் நொடி ஒண்ணுமில்ல.”

சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். காற்றில் ஒரு பஞ்சுப் பிசிறு மிதந்து வந்து அவள் கையில் ஒட்டியது. தொண்டையில் ஊர்ந்து ஏறியதை விழுங்கினாள். பின்னால் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்து அடக்கி அடக்கி இருமிக்கொண்டு நின்றாள்.

நுஸைபா திரும்பி அவள் காதோரம் குனிந்தாள். வாங்கியதை ஒரு சொல் விடாமல் கொடுத்துவிட்டு, மூச்சை ஒருமுறை நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.